நாலுக்கு ஒன்றே முக்கால்

அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் மொத்தம் முப்பத்தொரு லிஃப்ட். எது மூன்றாவது மாடியில் முனகும், எது மழை பெய்தால் கதவைச் சாத்த அடம்பிடிக்கும், எதற்குப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால்தான் ரோஷம் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருபது வருஷமாக அவற்றின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பிழைக்கிறவர். வளாகத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். கோட்டு போட்ட பேராசிரியர்கள்கூட எதிரே பார்த்தால், "என்ன லிஃப்ட்காரரே, இன்னைக்கு மேல போகலாமா, இல்ல படிதானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

நாற்பத்து நாலாவது வயதில் அவருக்குப் படிக்கிற ஆசை வந்தது. வெளியே சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்த காரணம் இன்னொன்று. பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் இனிமேல் பட்டம் இருக்க வேண்டும் என்று புது விதி வந்துவிட்டது. வெளியே அதைத்தான் சொன்னார். உள்ளே இருந்தது வேறு. முந்தின வருஷம் மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் கல்வித்தகுதி' என்று ஒரு கட்டம். அந்த இடத்தில் மகள் பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து பார்க்காமல், "பள்ளிக்கூடம்னு போட்டுடட்டுமாப்பா?" என்று கேட்டாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாளே, அதுதான் போய்த் தைத்தது.

ஊழியர்கள் மாலை வகுப்பில் கட்டணமில்லாமல் படிக்கலாம். ஆனால் அவருடைய பள்ளி இறுதி மதிப்பெண், சேர்க்கைக்கு வேண்டிய சராசரிக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. வயதில் மூத்தவர்களுக்கென்று தனி வழி ஒன்று இருந்தது. ஒரு நுழைவுத் தேர்வு, ஒரு நேர்காணல், தேறினால் நிபந்தனையோடு சேர்க்கை. தேறினார். வந்த கடிதத்தில் முதல் வரி 'சேர்க்கப்பட்டுள்ளீர்கள்' என்று சொன்னது. அதற்குக் கீழே, எல்லோரும் ஜிபிஏ என்று சொல்கிற மதிப்பெண் சராசரி நாலுக்கு இரண்டுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் இன்னின்னது நடக்கும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. அவர் முதல் வரியை ஏழெட்டு தடவை படித்தார். மற்றதைப் படிக்கவில்லை. மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அவள் கையாலேயே செய்துகொடுத்த படிக்கிற கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

பட்டறையில் ஃபோர்மேன் விஷயத்தை அறிவித்தார். "யோவ், எல்லாரும் எழுந்து நில்லுங்க. பட்டதாரி வர்றாரு." அன்றிலிருந்து அங்கே அவருக்கு அதுவே பெயராகிப் போனது. பல்கலைக்கழகம் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகிற பட்டத்தைப் பட்டறை ஆறு நிமிஷத்தில் கொடுத்துவிட்டது. "பட்டதாரி, அந்த ஸ்பேனரை எடு." "பட்டதாரி, மூணாம் பிளாக்ல கதவு மாட்டிக்கிச்சாம்." அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, முதல் செமஸ்டர் நன்றாகத்தான் போயிற்று. எடுத்தது இரண்டு பாடம். ஒன்றில் பி, ஒன்றில் சி.

இரண்டாவது செமஸ்டரில் புள்ளியியல் வந்தது.

பேராசிரியர் சின்ன வயசுக்காரர், அவரைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும், தன்மையான மனிதர். வகுப்புத் தேர்வு விடைத்தாள்களைக் கட்டாக முதல் வரிசையில் கொடுத்து, "உங்களோடதை எடுத்துக்கிட்டு பின்னால தள்ளிவிடுங்க" என்றார். அதில் அவர் நினைத்துப் பார்க்காத ஒரு கொடுமை இருந்தது. லிஃப்ட்காரருக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய மகளின் தோழி, பகல் வகுப்பில் இடம் கிடைக்காமல் மாலைக்கு வந்தவள். வீட்டுக்கே வந்து போயிருக்கிறாள். அவருடைய தாள் அவள் கைக்குப் போனது. மேலே சிவப்பு மையில் நூற்றுக்குப் பத்தொன்பது. அவள் பார்த்தாள். பார்த்த உடனே தாளைக் கவிழ்த்து, "இந்தாங்க அங்கிள்" என்று மெதுவாகக் கொடுத்தாள்.

பத்தொன்பதையாவது அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தக் கவிழ்த்தலைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த புள்ளியியல் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் போகவில்லை. ஆனால் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஐந்தரை ஆனதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறையிலிருந்து வகுப்புக்குப் போகிற மாதிரியே கிளம்பினார். நூலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் லிஃப்டின் மெஷின் ரூம் இருந்தது. சாவி அவரிடம். அங்கே ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, மோட்டார் ஓடுவதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டு வகுப்பு முடிகிற நேரம்வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார். மனைவி கேட்பாள், "கிளாஸ் எப்படிப் போகுது?" "நல்லாப் போகுது." இந்த இரண்டு சொல்லும் நாளாக நாளாக அவருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்த ஆரம்பித்தன.

அப்படி இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஒரு மதியம் அறிவியல் கட்டடத்து லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். அவரும் ஃபோர்மேனும் ஓடினார்கள். மேலே போய் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, கைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கூண்டைத் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவந்தார். கீழே இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். சுற்றி நின்ற மாணவர்கள் கைதட்டினார்கள். உள்ளேயிருந்து முதலில் வெளியே வந்தவர் புள்ளியியல் பேராசிரியர்.

"ரொம்ப நன்றிங்க" என்று கையைப் பிடித்தவர் முகத்தைப் பார்த்ததும் நின்றார். "நீங்க என் செவ்வாய்க்கிழமை கிளாஸ்ல இருந்தவர்தானே? ரெண்டு மாசமா ஆளையே காணோமே?"

கைதட்டின கூட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஃபோர்மேன் பின்னால் நின்றார். லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க. தொடர முடியலைன்னா விலகல் படிவம் குடுத்துடுங்க. வர்ற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

விலகல் படிவம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். போகாவிட்டால் பெயர் தானாக உதிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தார். ஆனால் வாயில் வந்தது, "குடுத்துட்டேன் சார்."

பேராசிரியருக்குத் தெரியாமலா இருக்கும்? வருகைப் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறதே. இருந்தாலும் அவர், "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எதைய்யா குடுத்தே?" என்றார் ஃபோர்மேன்.

"ஒண்ணுமில்லண்ணே. கிளாஸ் நேரத்தை மாத்தினேன்."

வெள்ளிக்கிழமை மதியம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகத்தான் போனார். வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், எல்லாம் மகள் வயசு. அவர் சீருடையில் இருந்தார். தயங்கித் தயங்கி வரிசைக் கடைசியில் ஒட்டப் போன நேரத்தில் கவுண்டருக்குள்ளிருந்து எழுத்தர் தலையை நீட்டி, "என்ன லிஃப்ட்காரரே, லிஃப்ட்ல ஏதாவது தகராறா?" என்று சத்தமாகக் கேட்டார். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. "ஆமா, சும்மா செக் பண்ண வந்தேன்" என்றார் இவர். சொன்ன வாய்க்காக அந்த மாடி லிஃப்டின் கதவை இரண்டு தடவை திறந்து மூடி, பள்ளத்தில் விளக்கடித்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடினார்கள்.

செமஸ்டர் முடிவு மின்னஞ்சலில் வந்தது. போன் திரையில் எழுத்து பொடியாக இருந்ததால் பட்டறைக் கணினியில் போட்டு அச்சடித்தார். ஒழுங்காகப் போன இன்னொரு பாடத்தில் சி. புள்ளியியலில் எஃப். மொத்தச் சராசரி ஒன்று புள்ளி ஏழு ஐந்து. 'கல்விக் கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளீர்கள்' என்று கீழே ஒரு கடிதம். அவர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு பாடத்தில் மூன்று தேறியிருக்கிறோம், நாலுக்கு மூன்று, முக்கால் பங்கு. அப்புறம் எதற்குக் கண்காணிப்பு? யாரைக் கேட்பது?

சாப்பிடும்போது மகளிடம் மெதுவாக ஆரம்பித்தார். "அம்மாடி, பட்டறைல ஒருத்தர் படிக்கிறாரு. நாலு பாடத்துல மூணு பாஸ். ஆனா ஒண்ணே முக்கால்னு வந்திருக்காம். அதெப்படி?"

"பாஸ் எத்தனைன்னு எண்ண மாட்டாங்கப்பா. பி-க்கு மூணு, சி-க்கு ரெண்டு, டி-க்கு ஒண்ணு, எஃப்-க்கு சைபர். எல்லாத்தையும் கூட்டி நாலால வகுப்பாங்க. சைபரையும் சேத்துதான் வகுக்கறது."

"அவரு அந்தக் கிளாசுக்கே போகலியாமே. போகாத கிளாசுக்குமா?"

"விலகல் குடுக்காட்டி போன மாதிரிதான்." மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "யாருப்பா அவரு?"

"உனக்குத் தெரியாது."

அடுத்த செமஸ்டரில் எப்படியாவது தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். கண்காணிப்பில் இருக்கிறவர்கள் ஆலோசகரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. போகவில்லை. ஆலோசகர் அறை மாணவர் மையத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பது வெளியே நடக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். யாரையும் கேட்காமல் தானே இரண்டு கனமான பாடமாகத் தேர்ந்தெடுத்தார். ஒன்றில் சி, ஒன்றில் டி. சராசரி ஒன்று புள்ளி ஆறு ஏழுக்கு இறங்கியது. இந்தத் தடவை கடிதம் 'இடைநிறுத்தம்' என்றது. மேல்முறையீடு செய்வதென்றால் பதினைந்து நாள்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம். சொந்த நோய், குடும்பத்தில் நோய் அல்லது மரணம், வேலை நெருக்கடி, மற்றவை. மற்றவை என்பதற்கு எதிரே ஒரு நீளமான கோடு. அந்தக் கோட்டின் மேல் என்ன எழுதுவது? நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினேன், ஒரு பெண் தாளைக் கவிழ்த்துக் கொடுத்தாள் என்றா? மதிய இடைவேளையில் மெஷின் ரூமில் உட்கார்ந்து நெடுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார். மனைவிக்குக் கடும் நோய், அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. எழுத ஆரம்பித்ததும் கை தானாக ஓடியது. ஒன்றரைப் பக்கம் எழுதினார். எழுதி முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அவர் மனைவிக்குப் பத்து வருஷத்தில் ஜலதோஷம்கூடப் பிடித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாய் ஒழுகியது. அவர் தரையில் மல்லாந்து படுத்து, தலையைத் தொட்டிக்கு அடியில் விட்டு, குறடால் முடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்து வாளியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேடைமேல் அவருடைய போன் அடித்தது. அவள் கையெல்லாம் சோப்பு நுரை. முழங்கையால் ஒலிபெருக்கியைத் தட்டினாள்.

"வணக்கம். மாணவர் ஆலோசனைப் பிரிவுலேருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "மேல்முறையீட்டோட டாக்டர் சான்றிதழ் இணைக்கணும். அது வரலை."

"அவரு கைவேலையா இருக்காரு. நான் அவரோட வீட்டுக்காரிதான். சொல்லுங்க."

குரல் இளகியது. "ஓ, நீங்களா! எப்படிம்மா இருக்கீங்க? ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்து நடமாட முடியுதா?"

தொட்டிக்கு அடியிலிருந்து அவருக்குத் தெரிந்தது மனைவியின் இரண்டு குதிகால்கள் மட்டும்தான். அவை அசையவில்லை. குறடு அவர் கையிலேயே உறைந்துவிட்டது. மார்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பூமி பிளந்து அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"முடியுதுங்க" என்றாள் மனைவி. "இப்பப் பரவாயில்ல."

"ரொம்ப நாள் படுக்கைல இருந்தீங்களாமே. உங்க வீட்டுக்காரர் எழுதினதைப் படிச்சு எங்களுக்கே மனசு கஷ்டமாயிடுச்சு."

"ஆமாங்க. அவருதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாரு. சான்றிதழ் விஷயம் சொல்லிடறேன்."

போன் ஓய்ந்தது. அவள் மிச்சமிருந்த தட்டுகளையும் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, அடுக்கில் வைத்தாள். பிறகு, "வெளிய வாங்க" என்றாள்.

அவர் ஊர்ந்து வெளியே வந்து, எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எனக்கு எந்த எடத்துல ஆபரேஷன்? சொல்லிடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா கைவச்சுக் காட்டணுமில்ல."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பத்தொன்பதிலிருந்து ஆரம்பித்து, பெயிண்ட் டப்பா, விலகல் படிவம், டி, ஒன்றரைப் பக்கக் கடிதம் வரை. சொல்லச் சொல்லத் தலை முழங்காலுக்குள் போய்விட்டது.

"ஃபெயிலானதைச் சொல்லியிருந்தா ஒரு வாரம் திட்டியிருப்பேன். அப்புறம் மறந்திருப்பேன்" என்றாள் அவள். "என்னைப் படுக்க வச்சு எழுதினீங்களே. எழுதும்போது நான் நெஜமாவே அப்படிக் கெடக்கற மாதிரி தோணலியா? ஒருவேளை பலிச்சிருந்தா?" கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்காகப் பொய் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகல. அதை நெனச்சாத்தான் எனக்குக் கூசுது" என்றாள்.

அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. "பட்டறைல ஒருத்தர்னு சொன்னீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும்பா."

"அப்பவே கேட்டிருக்கலாமே, பாப்பா."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."



திங்கட்கிழமை காலையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றார். ஆலோசகர் மேடம் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. "மேடம், நான் எழுதினது பொய். என் வீட்டுக்காரிக்கு ஒரு நோயும் இல்ல."

மேடம் முதலில் புரியாமல் பார்த்தார். "போன்ல என்கிட்டப் பேசினாங்களே?"

"என்னைக் காட்டிக்குடுக்க மனசில்லாமப் பேசினா. அவமேல தப்பில்ல. எல்லாம் நான் பண்ணினது."

மேடத்தின் முகத்தில் இருந்த பரிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நின்றுகொண்டே பார்த்தார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம். "மார்க் கொறஞ்சதுக்கு ஒரு வருஷ இடைநிறுத்தம்தான். பொய்த் தகவலுக்கு நெரந்தரமாகவே நீக்கலாம், தெரியுமா?" என்றார் மேடம். "சரி, இந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்க முடியாது. வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. நடந்ததை நடந்த மாதிரி."

இந்தத் தடவை நீளமான கோட்டில் எழுதினார். எழுதினது ஆறே வரி. அதை எழுதத்தான் மூன்று நாள் ஆயிற்று.

குழுவில் மூன்று பேர். நடுவில் வயதான பெண்மணி ஒருவர், இடதுபுறம் முன்பின் தெரியாத ஒருவர், வலதுபுறம் புள்ளியியல் பேராசிரியர். அவரைப் பார்த்ததும் இவருக்குக் காது மடல் எரிந்தது. இரண்டு கடிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள், ஒன்றரைப் பக்கமும் ஆறு வரியும்.

"விலகல் படிவம் ஏன் குடுக்கல?" என்று கேட்டார் நடுவில் இருந்த அம்மாள்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னே மொதல்ல தெரியலீங்க."

"கேட்டிருக்கலாமே."

"வெட்கமா இருந்துச்சுங்க."

"குடுத்துட்டேன்னு என்கிட்ட அன்னைக்குச் சொன்னீங்க" என்றார் பேராசிரியர். குரலில் குத்தல் இல்லை.

"அதுவும் அதுதான் சார். எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். "அத்தனை பேர் முன்னால நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அந்த வார்த்தை ஆறுதலாக இருக்க வேண்டியது. இவருக்கோ, தான் பண்ணின தப்புக்கு இன்னொருத்தர் வருத்தப்படும்படி ஆகிவிட்டதே என்று இன்னும் கூனிக் குறுகிப் போயிற்று.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. இடைநிறுத்தம் ஒரு வருஷம், அதில் மாற்றமில்லை. பொய்த் தகவலுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, அது கோப்பில் இருக்கும். வருஷம் கழித்து மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம், மாதம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் சொல்லாமல் இருக்க முடியாது. தேநீர் நேரத்தில் எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஃபோர்மேன் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு முன்னாடியே தெரியும்யா. அன்னைக்கு நீ ரிசல்ட்டை ரெண்டு காப்பி பிரிண்ட் எடுத்தே. ஒண்ணு பிரிண்டர்லயே கெடந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார். அன்றிலிருந்து ஒருவரும் அவரைப் பட்டதாரி என்று கூப்பிடவில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அத்தனை வாயும் ஒரே நாளில் அந்தப் பெயரை விட்டுவிட்டன. கேலியாகவாவது ஒருவன் கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வீட்டிலோ வேறு மாதிரி. மனைவி வழக்கம்போலப் பேசினாள், சிரித்தாள், கடைக் கதைகளைச் சொன்னாள். ஆனால் அந்த வருஷம் ஒரு தடவை அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. முகம் ஜிவுஜிவு என்றிருந்தது. "படுத்துக்கோயேன், நான் பாத்துக்கறேன்" என்றார். "வேணாம். உங்க முன்னால படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை விழுங்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் எந்த லிஃப்டில் என்ன வேலை பார்த்தார் என்பதே அவருக்கு நினைவில்லை.

வருஷம் முடிந்ததும் மறுசேர்க்கை கிடைத்தது. எடுத்தது அதே புள்ளியியல். எஃப் வாங்கின பாடத்தை மறுபடி எடுத்தால் புதிய மதிப்பெண் பழையதன் இடத்தில் உட்காரும் என்று ஆலோசகர் மேடம் சொன்னார். இந்தத் தடவை கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்திருந்தார். இருந்தாலும் மேடத்திடம் இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். அதே பேராசிரியர்தான். இப்போது விடைத்தாள்களை அவரே நடந்து வந்து ஒவ்வொருவர் கையிலும் மடித்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் வகுப்பில் லிஃப்ட்காரர் கை தூக்கினார். முப்பது தலை திரும்பியது. "சார், புரியல" என்றார். குரல் கம்மி, பாதிதான் வெளியே வந்தது. பேராசிரியர் முதலிலிருந்து சொன்னார். அப்போதும் புரியவில்லை. அதையும் லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சொன்னார்.

கடைசியில் சி வந்தது. எஃப் போய் அந்த இடத்தில் சி உட்கார்ந்ததும் ஆறு பாடத்தின் சராசரி அச்சாக இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம். ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'கல்வி நிலை: நல்ல நிலை' என்று திரையில் வந்தது.

மனைவியிடம் காட்டினார். அவள் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "நாலுக்கு ரெண்டா? பாதி."

"பாதிதான்."

"சரி" என்றாள். திருப்பிக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்தாள்.

அதற்குப் பிறகு செமஸ்டருக்கு ஒன்று, இரண்டு என்று ஊர்ந்து ஊர்ந்து பட்டம் வாங்கி முடிக்க அவருக்கு ஏழு வருஷம் ஆயிற்று. சராசரி இரண்டு புள்ளி மூன்றைத் தாண்டவில்லை. மேற்பார்வையாளர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. வளாகத்தில் அந்தப் பேராசிரியர் எதிரே வந்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சூடாகிறது. வணக்கம் சொல்லிவிட்டுப் பார்வையைத் தரையில் விட்டுவிடுவார்.

இடையில், அவர் இடைநிறுத்தத்தில் இருந்த வருஷம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மகள் இறுதி ஆண்டில் இருந்தாள். வேறொரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டாள். அங்கே சேர்க்கைக்கு மூன்றரை வேண்டும். அவள் எப்போதும் அதற்கு மேலே இருந்தவள். ஒரே ஒரு செமஸ்டர், ஒரே ஒரு ஆய்வகப் பாடம் காலை வாரிவிட்டது. அன்று மதியம் அவர் கலைப்புலக் கட்டடத்தில் லிஃப்டின் கதவுத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"மூணு புள்ளி நாலு ஆறுப்பா."

அவர் துணியைக் கீழே வைத்தார். மூன்று புள்ளி நாலு ஆறுக்கு அழுகிற பெண் தனக்குப் பிறந்திருக்கிறாளே என்று ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் எனக்குக் கெடைச்சுடும்னே பேசிக்கிட்டிருக்காங்க. எப்படிப் போய்ச் சொல்றது? உங்களுக்குத்தான் இது புரியும்னு வந்தேன்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவருக்குப் பெருமையும் அவமானமும் ஒரே சமயத்தில் வந்தன. கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார், "மூணு புள்ளி நாலு ஆறை மூணரைன்னு எடுத்துக்குவாங்களா, மாட்டாங்களா?"

"தெரியலப்பா. மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, கேட்டியா?"

அவள் போனை வெளியே எடுத்தாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவள் போனில் அந்தப் பல்கலைக்கழகத்துச் சேர்க்கை அலுவலகத்துக்கு நாலு வரி எழுதினார்கள். அவள் இரண்டு தடவை அழித்தாள். அவர், "இருக்கறதை இருக்கற மாதிரி போடு, போதும்" என்றார். பதில் மூன்றாம் நாள் வந்தது. மூன்றரை என்றால் மூன்றரைதான், தசமத்தைக் கூட்டிப் போட மாட்டோம், ஆனால் கடைசி செமஸ்டர் மதிப்பெண் வந்த பிறகு அடுத்த சேர்க்கைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம், வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மகள் அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், தன்னுடைய மூன்று புள்ளி நாலு ஆறையும் சேர்த்து.

"அடுத்த தடவைதானே, பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

அடுத்த தடவை அவளுக்கு இடம் கிடைத்தது.